லைட்டு போட்டுக்கினு வரக்கூடாதா

"லைட்டு போட்டுக்கினு வரக்கூடாதா?" என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறும். கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. என் கைக்கு மாவுக்கட்டு போட்டுவிட்ட நர்ஸ் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று கேட்டார்கள். என்னை இடித்துத் தள்ளியவனும் கேட்டான். அத்தனை பேருக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். ஆட்டின ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். நிதானமாக எழுது என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

லைட்டைப் பற்றித் தெரியாதவள் இல்லை நான். எனக்குச் சோறு போடுவதே லைட்டுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ஒயரிங் கட்டிக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறேன். சாய்த்து வைத்த பலகையில் ஆணி அடித்திருக்கும். ஹெட்லைட்டுக்குப் போகிற ஒயர், ஹாரனுக்குப் போகிற ஒயர், பின்னால் சிவப்பு விளக்குக்குப் போகிற ஒயர் என்று எல்லாவற்றையும் ஆணிக்கு ஆணி இழுத்து, சேர்த்து, கறுப்பு டேப் சுற்றி அனுப்ப வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. சாயந்திரம் கால் இரண்டும் கனத்துப் போகும். இருந்தாலும் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கும்போது நான் யாருக்கும் மருமகள் இல்லை, யாருக்கும் சாம்பார் தாளிக்க வேண்டியதில்லை. எங்கள் லைனில் ஒயர் மாறிப் போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வேலை எனக்கு உயிர். இதைச் சொன்னால் என் வீட்டில் சிரிப்பார்கள்.

எங்கள் வீடு கொரட்டூர் ஏரிக்கு அந்தப் பக்கம். எஸ்டேட்டுக்கு சைக்கிளில்தான் போய் வருவேன். முதலில் அதில் பேட்டரி லைட் இருந்தது. ஹேண்டில்பாரில் கிளிப் போட்டு மாட்டுகிற வகை. கம்பெனி வாசலில் சைக்கிளை விட்டால் கிளிப்பை மட்டும் விட்டுவிட்டு லைட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான் எவனோ ஒரு புண்ணியவான். இரண்டாவதாக வாங்கினதும் அப்படியே போனது. கழற்றிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். வைத்துக்கொண்டேனே! வெளியே போகும்போது பையைச் சோதிக்கிற செக்யூரிட்டி, "இன்னாமா இது, கம்பெனி சரக்கா?" என்று என்னை எல்லோர் எதிரிலும் நிற்க வைத்துவிட்டான். லைட் கம்பெனியில் வேலை செய்கிறவள் சொந்தமாக ஒரு லைட் வைத்திருக்கக் கூடாதாம்.

என் வீட்டுக்காரர் ஆவடியில் வெல்டர். கதையை முழுசாகக் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் பழைய சைக்கிள் சாமான் விற்கிற கடையில் இருந்து ஒரு டைனமோ செட்டை வாங்கி வந்தார். குட்டிப் புட்டி மாதிரி ஒரு டைனமோ, முன்னால் மாட்ட ஒரு வட்ட விளக்கு, பின்னால் மட்கார்டுக்கு ஒரு சிவப்பு விளக்கு. வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வராமல், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் அதை முறுக்கி மாட்டினார்.

"இத்த எவனும் புடுங்க மாட்டான். ஸ்பேனர் போடாம கயலாது," என்றார். "பேட்டரி வாணாம், சார்ஜு வாணாம். நீ மிதிச்சா எரியும், நின்னா அணைஞ்சிரும். உன்ன மாரியேதான்மே. வேலைக்குப் போனாத்தான் உம் மூஞ்சில வெளிச்சம்."

அவர் கிண்டல் செய்கிறார் என்று தெரியும். ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. டைனமோவின் பட்டனைக் கால் பெருவிரலால் ஒரு தட்டு தட்டினால் அது டயரோடு ஒட்டிக்கொண்டு கிர்ர்ரென்று பாட ஆரம்பிக்கும். மிதிப்பது கொஞ்சம் கனமாகும். வேகமாக மிதித்தால் வெளிச்சம் கூடும். டைனமோவைப் பாதத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் டக்கென்று கொக்கியில் மாட்டிக்கொண்டு டயரை விட்டுவிடும். இரண்டு விளக்கும் அணைந்துபோகும். ஒரு வாரத்தில் சைக்கிளை நிறுத்தாமலே இதையெல்லாம் செய்யப் பழகிவிட்டேன்.

இனிதான் நான் சொல்ல வந்ததே வருகிறது.

சாயந்திரம் ஷிஃப்ட் முடிந்து ரயில்வே சுரங்கப்பாதையைத் தாண்டினால் ஏரிக்கரை ரோடு. மழைக்காலத்தில் அந்த நேரத்துக்கே நன்றாக இருட்டிவிடும். ரோட்டில் லாரிகளை எடை போடுகிற மேடை ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால் ஒயின் ஷாப்பும் அதை ஒட்டின பாரும். அதற்கும் அப்பால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். எடை மேடைக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவில் ஒரு தெருவிளக்கும் எரியாது. குடிக்கிறவர்கள் உள்ளே இடம் போதாமல் ரோட்டிலேயே நின்றுகொண்டிருப்பார்கள். வண்டிகளுக்குக்கூட பாதி ரோடுதான்.

பேட்டரி லைட் இருந்தவரைக்கும் அந்த மங்கல் வெளிச்சத்தில் சத்தம் இல்லாமல் ஓரமாகப் போய்விடுவேன். டைனமோ வந்த பிறகு நான் வருவது தூரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கிர்ர்ரென்று சத்தம் கேட்கும், அவர்கள் மூஞ்சியில் மஞ்சள் வெளிச்சம் விழும், அத்தனை தலையும் திரும்பும்.

"டேய் மச்சான், டார்ச்சு வருதுடா."

"அக்கா, மெதுவாப் போக்கா. நாங்களும் பாக்கணுமில்ல?"

முதல் சில நாட்கள் இதோடு நின்றது. பிறகு ஒருத்தன் நடு ரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தான். கோடு போட்ட டீஷர்ட், கழுத்தில் கர்ச்சீஃப். நான் இந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் வருவான், அந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம். ஒருநாள் ஹேண்டில்பாரையே பிடித்துவிட்டான். சைக்கிள் நின்றது. நின்றதும் லைட்டும் அணைந்துவிட்டது. அந்த இருட்டில் அவன் வாய் நாற்றம் என் மூஞ்சியில் அடித்தது. "இன்னாக்கா, கரண்டு பூட்சா?" என்று அவன் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவன் கையைத் தட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

வீட்டில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால் எனக்கு ஒரு நாத்தனார் உண்டு. என் வீட்டுக்காரரின் தங்கை. அம்பத்தூரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஸ்டேஷனில் இருந்து எவனோ பின்னால் வருகிறான் என்று வீட்டில் வந்து சொன்னாள். நம் வீடுதானே, நம் அண்ணன்தானே என்று நம்பிச் சொன்னாள். அன்றைக்கே வேலை போயிற்று. போக வேண்டாம் என்று சொன்னது கடைக்காரர் இல்லை, அண்ணன். என் வீட்டுக்காரர்தான். அந்தப் பெண் நெமிலிச்சேரியில் வாழ்க்கைப்பட்டு, இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "உங்க கம்பெனில ஆள் எடுக்குறாங்களா அண்ணி?" என்று ரகசியமாகக் கேட்பாள். பின்னால் வந்தவன் அதே ஸ்டேஷனில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் வீட்டில் இரு என்று சொல்லவில்லை.

இதைப் பார்த்த பிறகு ரோட்டில் நடக்கிற எதையும் வாசற்படிக்கு உள்ளே கொண்டுவருவேனா நான்?

என் லைனில் வேலை செய்கிற ஒருத்தி அதே பக்கம்தான் சைக்கிளில் போவாள், அவளுடையதும் டைனமோ லைட்தான். என்னைவிடச் சின்னவள், ஆனால் அந்த ரோட்டில் என்னைவிட அனுபவசாலி. அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"லைட்டு போட்டுக்கினா போன நீ? யாருக்கா உன்ன போடச் சொன்னது? எடை மேடை வந்தவுடனே அணைச்சிரு. சத்தமும் இருக்காது, வெளிச்சமும் இருக்காது. நீ யாருன்னு அவனுங்க பாக்குறதுக்குள்ள தாண்டிருவ. டிரான்ஸ்ஃபார்மராண்ட வந்து போட்டுக்கோ. எல்லாரும் அப்டித்தான்க்கா போறோம்."

எல்லாரும் என்றால் உண்மையிலேயே எல்லாரும்தான். அன்றைக்குச் சாயந்திரம் அவளோடு போகும்போது கவனித்தேன். முன்னால் போகிற ஏற்றுமதிக் கம்பெனிப் பெண்கள், பின்னால் வருகிற கேன்டீன் அம்மா, எல்லோரும் எடை மேடைக்கு வந்தால் விளக்கை அணைத்தார்கள். செல்போனை டார்ச்சாகக் கட்டிக்கொண்டு வருகிறவள் அதைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள். ஸ்கூட்டியில் போகிற பெண்கள் சர்ரென்று பறந்துவிடுவார்கள். சைக்கிள்காரிகள் நாங்கள்தான் குனிந்துகொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணு தெரியாத இருட்டில் மிதிப்போம். அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் வந்ததும் ஒவ்வொரு விளக்காக எரியும். நான் கேட்கிறேன், திருடப் போனோமா நாங்கள்? உழைத்துவிட்டு வீட்டுக்குத்தானே போனோம்?

வேறு ரோடு இல்லையா என்று கேட்பவர்கள் ஒருநாள் அந்த வேறு ரோட்டில் சைக்கிளில் போய்ப் பாருங்கள். கன்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போகும்போது தெரியும்.

இப்படியே ஒரு மழைக்காலம் ஓடியது. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் என் லைன் பெண் வேலைக்கு வரவில்லை. நான் தனியாக வந்தேன். தூறல். எடை மேடை வந்ததும் காலால் டைனமோவைத் தள்ளி அணைத்தேன். பாரைக்கூடத் தாண்டிவிட்டேன். பின்னால் இருந்து ஒரு வண்டிச் சத்தம் வந்தது. அவ்வளவுதான் தெரியும். அடுத்து நான் ரோட்டில் கிடந்தேன். சைக்கிள் என் மேல் கிடந்தது. வலது கை மணிக்கட்டு என்னுடையது மாதிரியே இல்லை.

இடித்தது மோட்டார் சைக்கிள். ஓட்டினவன் காலேஜ் முடித்த வயசுப் பையன். ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிப் பேசிக்கொண்டே வந்திருக்கிறான். அவன் கீழே விழக்கூட இல்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே, "லைட்டே இல்லாம வந்தா எப்படிங்க தெரியும்?" என்று கத்தினான். அவன் வண்டியின் ஹெட்லைட் என் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஹெட்லைட்டுக்கு ஒயர் கட்டினவளே நானாக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு உனக்கு நான் தெரியவில்லையாடா?

கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை, வலி.

என்னைத் தூக்கியது யார் தெரியுமா? பாரில் இருந்து ஓடி வந்தவர்கள்தான். அந்தக் கோடு போட்ட டீஷர்ட்காரன்தான் முதல் ஆள். என் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துத் திறந்து என் வாயில் ஊற்றினான். ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினான். அவன் குரலில் நிஜமான இரக்கம் இருந்தது, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

"இன்னாக்கா நீ," என்றான். "இந்த இருட்டுல லைட்டு போட்டுக்கினு வரக்கூடாதா?"

அவன் மூஞ்சியில் துப்பியிருக்க வேண்டும் நான். ஆட்டோவில் ஏற்றிவிடுகிறவன் மூஞ்சியில் எப்படித் துப்புவது?

ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரர் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். என் கையைப் பார்த்துவிட்டு ஓரமாகப் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் சைக்கிளை எடுத்துவந்து வாசலில் போட்டு, ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் மாட்டின லைட் வேலை செய்யாமல்தான் எனக்கு இப்படி ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார் பாவி மனுஷன். ஒயரை இழுத்துப் பார்த்தார். பல்பைக் கழற்றி உற்றுப் பார்த்தார். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். டைனமோ டயரை விட்டுத் தள்ளி, கொக்கியில் மாட்டி நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"இன்னாமே, டைனமோவ எடுத்து வுட்டு கீது? ஏன் அணைச்ச?"

"மிதிக்க கஷ்டமா இருந்துச்சு," என்றேன்.

அவர் நம்பினார். நம்பினதோடு நிற்கவில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம், "மிதிக்க சோம்பேறித்தனம் பட்டுகினு லைட்ட அணைச்சிட்டாங்க மகாராணி," என்று சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டார். எங்கள் தெருக்காரர்கள் கூடி ஜெபம் சொல்கிற அன்பியக் கூட்டத்தில் எனக்காகத் தனியாக ஒரு மன்றாட்டு வைத்தார்கள். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று ஒன்று, இனிமேலாவது எச்சரிக்கையாக நடக்க நல்ல புத்தி வேண்டும் என்று இன்னொன்று. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நானும் சேர்ந்து சொன்னேன். ஆண்டவருக்காவது உண்மை தெரியுமே என்று ஒரு ஆறுதல். அந்தக் கூட்டத்தில் எனக்காக ஜெபித்த ஆண்களில் ஒருத்தர் சனிக்கிழமை சாயந்திரமானால் அதே பார் வாசலில் நிற்கிறவர். அதையும் ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

கொஞ்ச நாள் கழித்து இடித்த பையனை அழைத்துக்கொண்டு அவன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை. நாற்காலியில் உட்கார்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"பையன் மேலயும் தப்பு இருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க ஒண்ண யோசிக்கணும். இருட்டுல லைட் இல்லாம வர்றது தற்கொலைக்குச் சமம். பொண்ணுங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும் இல்லியா?"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றே கேட்டுக்கொண்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "வாஸ்தவம் சார். எங்க மேலதான் தப்பு. நான் இவளுக்கு எவ்ளோ சொல்லிட்டேன். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க."

எனக்காக மன்னிப்புக் கேட்கிறார்! அடிபட்டவள் நான், கை உடைந்தவள் நான், என் சார்பாக இவர் மன்னிப்புக் கேட்கிறார். அந்தப் பையன் சுவரில் சாய்ந்துகொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நிறுத்துய்யா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "யார் மேல தப்பு? என் மேலயா? லைட்டு இருந்துது. நல்லா எரியுற லைட்டு. நாந்தான் அணைச்சேன். ஏன்னு கேளு. மிதிக்க முடியாம இல்ல. லைட்டப் போட்டா அந்த பார் வாசல்ல நிக்கிறவனுங்க என்ன பாக்குறானுங்க. அசிங்கமா பேசுறானுங்க. ஒருத்தன் ஹேண்டில்பாரப் புடிச்சி நிறுத்தினான். அணைச்சா வண்டிக்காரன் பாக்க மாட்டேன்றான். எரிஞ்சா அவனுங்க, அணைஞ்சா உங்க புள்ள. எந்தப் பக்கம் போய்ச் சாவட்டும் நான், நீங்களே சொல்லுங்க சார்!"

பையனின் அப்பா எழுந்துகொண்டார். "சரிம்மா, உடம்பப் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். பையன் அப்போதுதான் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"டைனமோ மாட்டினதுல இருந்து."

"ஏன்மே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? உன் தங்கச்சிக்குப் பண்ணினதத்தான எனக்கும் பண்ணியிருப்ப?"

அவர் எழுந்தார். ஆப்பிள் பையை எடுத்து அலமாரி மேல் வைத்தார், பிறகு அதை எடுத்துக் கீழே வைத்தார். போகாதே என்ற வார்த்தை அவர் வாயில் இருந்து வந்துவிடுமோ என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன். கை வலியெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

"வேலய வுடச் சொல்ல மாட்டேன்," என்றார் கடைசியில். "நீ சைக்கிள்ல போவ வாணாம். நானே வந்து இட்டுக்கினு வரேன்."

கட்டுப் பிரித்து நான் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது அதேபோல் செய்தார். காலையில் தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். சாயந்திரம் ஆவடியில் இருந்து அரக்கப்பரக்க வந்து கம்பெனி வாசலில் நின்றார். என் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே படுத்துவிட்டது. தெருவில் அவருக்கு ஒரே பாராட்டு. "குடுத்து வெச்சவ நீ, இந்த மாரி புருஷன் யாருக்குக் கெடைக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் என்ன சொல்வது? அவர் நல்லவர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கு வேலை முடிய நேரமானால் நானும் கேட்டிலேயே நிற்க வேண்டும். அவருக்கு ஓவர்டைம் வந்தால் நான் சீக்கிரம் கிளம்ப முடியாது, எனக்கு ஓவர்டைம் வந்தால் நான் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கடைக்குப் போக வேண்டும் என்றாலும் பார்சல் மாதிரி ஒருவர் என்னை ஏற்றி இறக்க வேண்டும். கோபப்படுவதற்கு எனக்கு ஒரு காரணம்கூட இல்லாமல் செய்துவிட்டார். அதுவே எனக்குக் கோபம்.

ஒருநாள் சாயந்திரம் அவர் பின்னால் உட்கார்ந்து ஏரிக்கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். எடை மேடையைத் தாண்டினோம். பார் வாசலில் நின்றவர்கள் எங்கள் வண்டியைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். கூட்டத்தில் இருந்து கோடு போட்ட டீஷர்ட்காரன் முன்னால் வந்தான்.

"வாங்கண்ணாத்தே. அக்காக்கு கை பரவால்லியா?"

என் வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்தார். தலையைத் திருப்பி என்னிடம், "யாரு?" என்றார். அதற்குள் அவனே, "நாந்தாண்ணா அன்னிக்கி அக்காவ தூக்கி ஆட்டோல ஏத்தினேன்," என்றான். உடனே இவர் வண்டியை நிறுத்தி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிப்பா. உன்ன மாரி நாலு பேரு இருக்கறதாலதான் பொம்பளைங்க ரோட்டுல போவ முடியுது," என்றார்.

அவன் முகத்தில் கொஞ்சம்கூட உறுத்தல் இல்லை. அவனுக்கு நினைவுகூட இல்லை என்று நினைக்கிறேன். ஹேண்டில்பாரைப் பிடித்ததெல்லாம் அவனுக்கு ஒரு விஷயமா?

திரும்பிப் பார்த்தேன். சுரங்கப்பாதைப் பக்கம் இருந்து ஒரு சைக்கிள் விளக்கு ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. என் லைனில் வேலை செய்கிற அந்தப் பெண்தான். நான் வண்டியில் போக ஆரம்பித்த பிறகு அவள் தனியாகத்தான் வருகிறாள். எடை மேடை வந்தது. விளக்கு அணைந்தது. அவள் இருந்த இடத்தில் வெறும் இருட்டு. அவளுக்குப் பின்னால் ஒரு லோடு வண்டியின் ஹெட்லைட் திரும்பிக்கொண்டிருந்தது.

நான் வண்டியில் இருந்து குதித்தேன். "இன்னாமே?" என்று அவர் கூப்பிட்டது கேட்டது. நடு ரோட்டில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏ, லைட்டப் போடுறீ! நான் நிக்கிறேன், நீ லைட்டப் போட்டுக்கினு வா!"

லோடு வண்டிக்காரன் பிரேக் போட்டு ஹாரனை அழுத்தினான். அடிக்கட்டும் என்று நின்றேன். இருட்டுக்குள் இருந்து முதலில் கிர்ர்ரென்ற சத்தம் வந்தது, பிறகு வெளிச்சம். அவள் பயந்துபோய் மெதுவாக மிதித்துக்கொண்டு வந்தாள். அந்த மஞ்சள் வெளிச்சம் வரிசையாக ஒவ்வொருத்தன் மூஞ்சியிலும் விழுந்தது. ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் அங்கே நின்றதால்தான் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

அவள் என்னருகில் வந்து காலை ஊன்றியதும் நான் கோடு போட்ட டீஷர்ட்காரனைப் பார்த்து விரலை நீட்டினேன்.

"இவன்தான்," என்றேன் என் வீட்டுக்காரரிடம். "ஹேண்டில்பாரப் புடிச்சவன் இவன்தான். இவனுக்குத்தான் நீ நன்றி சொல்லிகினு கீற."

"இன்னாக்கா," என்றான் அவன், நிஜமாகவே அடிபட்டவன் மாதிரி. "நாந்தானக்கா உன்ன தூக்கி வுட்டேன்?"

"தூக்கி வுட்டதும் நீதான். நான் வுழுந்ததும் உன்னாலதான்."

என் வீட்டுக்காரர் அவன் கையை விட்டார். விட்ட கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அவர் கண் சிவந்துவிட்டது. அவனை அடிக்கப் போகிறார் என்று தெரிந்தது. நான் அவருக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"நீ ஒருநாள் அடிப்ப. நாளைக்கு இதே ரோட்டுல இவ தனியாத்தான வரணும்? நான் இவகூட வரேன். இன்னிலருந்து தினமும். நீ ஊட்டுக்குப் போய் என் சைக்கிள எடுத்து வெளிய வெய்யி."

அவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். நான் அவள் சைக்கிளின் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன்.

"மிதிடி," என்றேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. "வெயிட்டா கீறக்கா," என்றாள். டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் இரண்டு பேரும் லைட் போட்டுக்கொண்டே போனோம்.